சாப்பிட்டும் சத்தில்லையா? சோம்பேறி என்று சொல்வதற்கு முன் இரத்தத்தைப் பாருங்கள்

கொஞ்சம் நீளமான பதிவு. தோட்டப் பாடசாலைகளில் படிப்பிக்கும் ஆசிரியர்களும் பிள்ளைகளின் அம்மா, அப்பாமாரும் முழுசாக வாசித்தால் நல்லது.

வகுப்பில் பிள்ளை தூங்கி விழுந்தால் "காலையில சாப்பிட்டியா?" என்று கேட்கிறோம். "ரெண்டு ரொட்டி சாப்பிட்டேன் சேர்" என்று பதில் வந்தால், அடுத்து நம் வாயில் வருவது "சோம்பேறி". மலையிலும் இதே கதைதான். கொழுந்து நிறை குறைந்தால் அரைப்பேர். அந்த அம்மாவுக்கும் அதே பட்டம்.

சாப்பாடு மட்டும்தான் உடம்புக்குச் சக்தி என்று நினைப்பதால் வரும் தீர்ப்பு இது.

லயத்து அடுப்பை எடுத்துக்கொள்ளுங்கள். எவ்வளவு விறகு திணித்தாலும் காற்றுப் போகாவிட்டால் புகைதான் வரும். உடம்பும் அப்படித்தான். சோறும் ரொட்டியும் விறகு. மூச்சில் வரும் ஒட்சிசன்தான் காற்று. ஒட்சிசன் இருந்தால் ஒரே அளவு குளுக்கோசிலிருந்து, அது இல்லாதபோது கிடைப்பதைவிட ஏறத்தாழ 15 மடங்கு சக்தி கிடைக்கிறது.

அந்த ஒட்சிசனைச் சுமந்து போவது இரத்தத்தில் உள்ள ஈமோகுளோபின். அதைச் செய்ய இரும்புச்சத்து வேண்டும். இரும்பு குறைந்தால் வயிறு நிறைந்திருந்தும் உடம்பு களைத்துப்போகும். மேடு ஏறும்போது நெஞ்சு படபடக்கும், மூச்சு வாங்கும், தலை சுற்றும். நாம் இருப்பதும் உயரத்தில். நுவரெலியா 1,868 மீற்றர். கடற்கரையோடு ஒப்பிட்டால் இங்கே ஒரு மூச்சில் கிடைக்கும் ஒட்சிசன் சுமார் ஐந்தில் ஒரு பங்கு குறைவு. இங்கேயே பிறந்து வளர்ந்த உடம்பு அதற்குப் பழகியிருக்கும். ஆனால் பழகுவதற்கும் நல்ல இரத்தம் தேவை.

இதற்கு ஆதாரம் நம் மலைகளிலேயே இருக்கிறது. இலங்கைத் தேயிலைத் தோட்டப் பெண்களிடம் செய்த ஆய்வு ஒன்று 1979இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜேர்னலில் வெளிவந்தது. ஒரு பகுதிப் பெண்களுக்கு இரும்புச்சத்து மாத்திரையும் மற்றப் பகுதியினருக்கு வெறும் மாத்திரையும் கொடுத்தார்கள். ஒரு மாதத்துக்குப் பிறகு கொழுந்தை நிறுத்துப் பார்த்தார்கள். இரும்புச்சத்தால் ஈமோகுளோபின் கூடியவர்கள், கூடாதவர்களைவிட அதிகம் பறித்திருந்தார்கள். இரத்தம் மிகக் குறைந்திருந்தவர்களிடம்தான் முன்னேற்றம் கூடுதல். அதே பெண்கள், அதே மலை, அதே கூடை. இதில் சோம்பல் எங்கே இருக்கிறது?

இன்னொரு விஷயம் நமக்குக் கொஞ்சம் கசக்கும். நாம் பறிக்கும் இலையே இதில் ஒரு காரணம். தேத்தண்ணியில் உள்ள தனின் போன்ற பொருட்கள், கீரை, பருப்பு, மாவு ஆகியவற்றில் உள்ள இரும்பை உடம்பில் சேரவிடாமல் தடுக்கின்றன. ரொட்டியைப் பிளேன்டீயில் நனைத்துச் சாப்பிடும் பிள்ளைக்கு அந்த ரொட்டியின் இரும்பில் பெரும்பகுதி கிடைக்காது. தேத்தண்ணியை விடச் சொல்லவில்லை. குளிரில் அது வேண்டும். சாப்பாட்டுக்கும் தேத்தண்ணிக்கும் ஒரு மணித்தியாலம் இடைவெளி விடுங்கள், அது போதும். கீரைக்குத் தேசிக்காய்ப் புளி விடுங்கள், சாப்பாட்டோடு ஒரு கொய்யாப்பழம் கொடுங்கள். கொஞ்சம் நெத்தலியோ கருவாடோ சேர்ந்தால் கீரையின் இரும்பும் நன்றாக ஏறும். வெறுங்காலோடு நடக்கும்போது தோல் வழியே நுழையும் கொக்கிப்புழுவும் இரத்தத்தைக் குடிக்கும். செருப்பும் பூச்சி மருந்தும் அதனால்தான் முக்கியம்.

நித்திரையையும் மறக்கக்கூடாது. நோன்பு காலத்தில் இது நமக்கே தெரியும். 13 மணித்தியாலத்துக்கு மேல் சாப்பிடாமல் இருந்தாலும், ஈரலில் சேமித்த சர்க்கரையும் உடம்புக் கொழுப்பும் நம்மைத் தாங்கும். ஆனால் இரவு நித்திரை முழித்தவருக்கு லுஹருக்கு முன்பே கண் சொருகும். ஒரு காம்பராவில் ஆறு பேர் படுத்து, நடுச்சாமம் வரை டீவி சத்தத்தில் கிடந்த பிள்ளைக்கு எத்தனை ரொட்டி கொடுத்தும் அந்த நித்திரையை ஈடுசெய்ய முடியாது.

நாங்கள் கேட்பது இரண்டு விஷயம். முதலாவது, தோட்டங்களில் இரத்தப் பரிசோதனை கர்ப்பிணித் தாய்மாரோடு நின்றுவிடக் கூடாது. கொழுந்து பறிக்கும் எல்லாப் பெண்களுக்கும் வருடத்துக்கு ஒரு தடவையாவது வேலை நேரத்திலேயே, சம்பளம் வெட்டாமல் பார்க்க வேண்டும். சாதாரணப் பெண்ணுக்கு ஈமோகுளோபின் 12க்குக் குறைந்தாலே இரத்தச்சோகை. நிறையைக் கணக்குப் பார்க்கும் நிர்வாகத்துக்கும் இதில் நட்டமில்லை என்பதை அந்த ஆய்வே காட்டுகிறது.

இரண்டாவது நமக்கு, ஆசிரியர்களுக்கு. தொடர்ந்து சோர்ந்திருக்கும் பிள்ளையை ஏசாமல், பெற்றோரைக் கூப்பிட்டு வைத்தியசாலைக்கு அனுப்புவோம். தாமாகக் கடையில் மாத்திரை வாங்கிக் கொடுக்க வேண்டாம் என்றும் சொல்லுவோம். எல்லா இரத்தக் குறைவும் இரும்புக் குறைவு அல்ல. தலசீமியா உள்ளவருக்கு இரும்பு மாத்திரை கெடுதலாகலாம். வைத்தியர் பார்த்துத்தான் தர வேண்டும்.

உங்கள் தோட்டத்தில் கடைசியாக எப்போது இரத்தம் பார்த்தார்கள்? கீழே எழுதுங்கள். கணக்கெடுத்துக்கொண்டு போய்ப் பேசுவோம், இன்ஷா அல்லாஹ்.