நாலரை மணிக்குப் பூட்டப்படும் கணினி ஆய்வகம்



எங்கள் ஊர்ப் பேருந்து நிலையம் அருகே பதினான்கு ஆண்டுகளாக ஜெராக்ஸ் கடையும் பிரவுசிங் சென்டரும் நடத்துகிறேன். மாலையில் சீருடையோடு வருபவர்களில் பெரும்பாலோர் அரசுப் பள்ளியில் கணினி அறிவியல் படிக்கும் பிளஸ் 1, பிளஸ் 2 பிள்ளைகள். ரெக்கார்டு நோட்டுக்கு பிரின்ட் எடுத்த பிறகும் போகாமல் தயங்கி நின்று, “இந்த புரோகிராம் ஏன் ஓட மாட்டேங்குதுண்ணா?” என்று கேட்கிறார்கள். கேட்க அவர்களுக்கு வேறு ஆள் இல்லை. அந்த ஆற்றாமையில்தான் இதை எழுதுகிறேன்.

போன வாரம் பிளஸ் 2 மாணவி ஒருத்தி வந்தாள். வயதைக் கேட்டு, ஓட்டுப் போடத் தகுதி உண்டா என்று சொல்லும் பைத்தான் நிரல்; எட்டே வரி. வயதைத் தட்டியதும் சிவப்பு எழுத்தில் பிழை வருகிறது. இரண்டு நாளாக அதே இடத்தில் நிற்கிறாளாம். “18ன்னு நம்பரைத்தானே அண்ணா அடிச்சேன்? நம்பர் இல்லைங்குதே” என்றாள். நான் விடையைச் சொல்லவில்லை. இரண்டு முறை 5 வாங்கி, இரண்டையும் கூட்டும்படி எழுதச் சொன்னேன். திரையில் 55 வந்தது. சற்று நேரம் அதையே பார்த்தவள், “அய்யோ, கூட்டாம பக்கத்துல ஒட்டி வெச்சிருக்கு!” என்றாள். விசைப்பலகையில் தட்டுவதை பைத்தான் எழுத்துச் சரமாகத்தான் வாங்கும், நாம்தான் ‘இன்ட்’ போட்டு எண்ணாக மாற்ற வேண்டும் என்பது அந்த நொடியில் புரிந்துவிட்டது. திருத்தத்தை அவளே போட்டாள். பத்து நிமிடம்கூட ஆகவில்லை.

பிளஸ் 1-ல் பாடம் சி பிளஸ் பிளஸ் மொழி. அங்கும் இதே கதைதான். ஏழாவது வரியின் முடிவில் அரைப்புள்ளி விட்டுப்போனால், கம்பைலர் பெரும்பாலும் எட்டாவது வரியைத்தான் குறை சொல்லும். பையன் எட்டாவது வரியையே முறைத்துக்கொண்டிருப்பான். “ஒரு வரி மேலே பார்” என்று சொல்ல ஒருவர் போதும். அந்த ஒருவர் இல்லாததால் நிரல்களைச் செய்யுள் போல மனப்பாடம் செய்து தேர்வு எழுதுகிறார்கள்.

பாடத்திட்டத்தைக் குறை சொல்ல மாட்டேன். 2018-ல் வந்த புதிய பாடத்திட்டம் நல்ல பாடத்திட்டம். ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட அரசு உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளில் உயர்தொழில்நுட்பக் கணினி ஆய்வகங்களும் வந்தன. எங்கள் ஊர்ப் பள்ளியிலும் இருக்கிறது. ஆனால் நாலரை மணிக்கு அதற்குப் பூட்டு விழுந்துவிடுகிறது. கணினி ஆசிரியருக்கோ பாடத்தோடு, பள்ளி விவரங்களை எமிஸ் தளத்தில் பதிவேற்றும் வேலையும் சேர்ந்துகொள்கிறது. தனித்தனியாகச் சந்தேகம் தீர்க்க அவருக்கு நேரம் ஏது? வீட்டில் கணினி இல்லாத பிள்ளை எங்கே போய்த் தட்டிப் பார்க்கும்?

போனில் கேட்டால் விடை வந்துவிடுமே என்கிறார்கள். வருகிறது, முழு நிரலுமே வருகிறது. பார்த்து எழுதினால் ரெக்கார்டு நோட்டு நிறையும். பாடம் மண்டையில் ஏறாது. கடையில் கூட்டம் இருந்த ஒரு நாள், நானே ஒரு பையனின் நிரலைத் திருத்திக் கொடுத்து அனுப்பினேன். அடுத்த வாரம் அதே பிழையோடு அவனே வந்து நின்றான். அன்று நான் செய்தது உதவி அல்ல என்று அப்போதுதான் உறைத்தது.

பள்ளிக் கல்வித் துறையிடம் நான் கேட்பது இதுதான்: வாரத்தில் மூன்று நாளாவது மாலை ஆறரை வரை ஆய்வகத்தைத் திறந்து வையுங்கள். பக்கத்துக் கல்லூரிகளில் பிசிஏ, கணினி அறிவியல் படிப்பவர்களுக்கு மதிப்பூதியம் கொடுத்து அங்கே உட்கார வையுங்கள். 2021-ல் இல்லம் தேடிக் கல்வி திட்டத்தைத் தொடங்கி, எட்டாம் வகுப்பு வரையிலான பிள்ளைகளுக்கு மாலை நேரத்தில் தன்னார்வலர்களைக் கொண்டு பாடம் சொல்லிக்கொடுத்த அரசுக்கு இது முடியாத காரியமா? உதவ வருகிறவர்களுக்கு ஒரே ஒரு விதி போதும்: விசைப்பலகையைத் தொடக்கூடாது. வழி காட்டலாம், தட்டுவது பிள்ளையாகத்தான் இருக்க வேண்டும்.

சந்தேகம் கேட்டு வரும் பிள்ளைகளிடம் நான் காசு வாங்குவதில்லை. ஆனால் என் கடையில் இருப்பவை நான்கே கணினிகள். அரை கிலோமீட்டர் தள்ளி, பூட்டிய அறைக்குள் இருபது கணினிகள் சும்மா இருக்கின்றன. அந்தப் பூட்டைத் திறக்க எந்த உத்தரவு வேண்டுமோ, அதை இந்தக் கல்வியாண்டிலேயே போடுங்கள்.

இப்படிக்கு,
கணினி மையம் நடத்தும் வாசகர்,
திருவண்ணாமலை மாவட்டம்.