காலு கேக்க மாட்டேங்குது

தறிக்குழியில் இறங்கும்போது வழுக்கி விழுந்ததில் என் பெரியம்மாவுக்கு முட்டி ஜவ்வு கிழிந்தது. பிள்ளையார்பாளையத்தில் இதெல்லாம் செய்தியே இல்லை. மருத்துவமனையில் கட்டுப் போட்டு, தொடைக்குப் பயிற்சி என்று ஒரு தாளைக் கொடுத்து அனுப்பினார்கள். இரண்டு மாதம் கழித்துப் போனபோது தொடை இளைத்திருந்தது.

“சொன்னதைச் செய்யல. வலிக்கும்னு சும்மா உக்காந்துட்டா எப்படிம்மா?” என்றார் மருத்துவர். வீட்டு ஆண்களும் அதையே சொன்னார்கள். பெரியம்மா சொன்னது ஒன்றுதான்: “நான் தூக்குன்னுதான் சொல்றேன். காலு கேக்க மாட்டேங்குது.”

அவள் சாக்குச் சொல்லவில்லை. தன் நோயைத்தான் சொன்னாள். முழங்காலில் அடிபட்டு நீர் கோத்தால், மூட்டு நரம்புகள் அனுப்பும் சேதி தண்டுவடத்திலேயே தொடைத்தசைக்கான கட்டளையைத் தடுத்துவிடுகிறது. 1984இல் வெளியான ஓர் ஆய்வில், அடியே படாத முழங்காலுக்குள் 20–30 மில்லி உப்புநீரைச் செலுத்தியதுமே தொடையின் உட்பக்கத் தசை அடங்கத் தொடங்கியது. அந்த முழங்கால்களை யாராவது சோம்பேறி என்பார்களா? நாள்பட்டால் அந்தக் காலை இயக்கும் மூளைப்பகுதியின் செயல்பாடும் மாறுகிறது; காயம் ஆறிய பிறகும் தடை நீடிக்கலாம். ஐஸ் ஒத்தடம், மின்தூண்டல் என்று அதைத் தளர்த்த வழிகள் உண்டு. பெரியம்மாவின் தாளில் அவை இல்லை.

2016 ரியோ ஒலிம்பிக்கில் முழங்கால் காயத்தோடு தூக்கிச் செல்லப்பட்ட வினேஷ் போகட், 2018 ஆசிய விளையாட்டில் தங்கம் வென்றார். அவருடைய உழைப்பு பெரிது. ஆனால் அந்தக் கால் மறுபடி எழ வேண்டும் என்று அவரைச் சுற்றிப் பலர் நினைத்தார்கள். பெரியம்மாவின் கால் எழ வேண்டும் என்று யார் நினைத்தார்கள்? அடுப்புக்கு முன்னால் குந்தி உட்காரும் அளவுக்கு மடங்கினால் போதுமென்றல்லவா இருந்தார்கள்?

கோர்வைச் சேலையை வழக்கமான முறையில் தனி ஆளாக நெய்ய முடியாது. கரைக்கு நாடா தள்ள இன்னொரு ஆள் வேண்டும். எங்கள் வீட்டில் அந்த ஆள் பெரியம்மா. தார் சுற்றியதும் அவள்தான். பெரியப்பா படுத்தபோது மிதி மிதித்ததும் அவள்தான். கூலி மட்டும் பெரியப்பா பெயரில். அவள் வேலைக்கு வைத்த பெயர் ‘கூடமாட ஒத்தாசை’. வேலையே கணக்கில் வராதபோது, அந்த வேலையில் போன முழங்கால் எந்தக் கணக்கில் வரும்? சேலைக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது. நெய்தவளின் காலுக்கு ஒரு வரிக் குறிப்புகூட இல்லை.

முனைவர் பட்டத்துக்குத் தலைப்பு தேடும் பெண்களே, மூளையையும் தசையையும் அளக்கும் கருவிகளோடு எங்கள் தெருக்களுக்கும் வாருங்கள். கருவியைப் பொருத்தும் முன், அவள் சொல்வதை அவள் சொன்னபடியே எழுதிக்கொள்ளுங்கள். பெண் தன் உடலைப் பற்றிச் சொல்வதைச் சாக்கு என்று தள்ளும் மருத்துவம், அறிவியலையும் சேர்த்தே தள்ளுகிறது.