லாரிக்கு எஃப்.சி. இருக்கு, டிரைவருக்கு?

1/ ஏரியூர் பக்கத்துப் பெரியவர் ஒருத்தர் ஓ.பி.க்கு வந்தார். "என்னங்கய்யா தொந்தரவு?"ன்னு ரெண்டு தடவை கேட்டும் பதில் இல்ல. மகன் காதுக்கிட்ட கத்தினதும் சிரிச்சார்: "ஃபார்கோ ஓட்டுன காது சார்."

2/ ஃபார்கோ இன்னிக்கு பலருக்குத் தெரியாது. வால்சந்த் ஹிராசந்த் 1944-ல ஆரம்பிச்ச பிரீமியர் கம்பெனி, அமெரிக்க கிரைஸ்லர் உரிமத்துல பம்பாய் குர்லாவுல செஞ்ச லாரி. டாட்ஜ், டிசோட்டோ, ஃபார்கோன்னு மூணு பேர்ல ஓடுச்சு. டாடா, லேலண்ட் முன்னாடி நிக்க முடியாம மறைஞ்சுபோச்சு. மிச்சம் இருக்குறதைப் பார்த்தா இப்போ ஆசையா போட்டோ எடுக்குறோம். எனக்கும் பிடிக்கும்.

3/ ஆனா உள்ள உக்காந்து ஓட்டினவர்? பவர் ஸ்டீயரிங் இல்ல. டீசல் இன்ஜின் சத்தமும் சூடும் கேபினுக்குள்ள. வருஷக்கணக்கா தினம் 8 மணி நேரம் 85 டெசிபலுக்கு மேல கேட்டா உள்காது செல்கள் செத்துப்போகும். மறுபடி முளைக்காது. மாத்திரை கிடையாது, காது மெஷின்தான்.

4/ புது லாரிகளுக்கு ஏசி கேபின் கட்டாயமானதே 2025 அக்டோபர் 1-லதான். பழைய வண்டி ஓட்டுறவங்களுக்கு அதுவும் இல்ல.

5/ 8 வருஷம் தாண்டின லாரிக்கு வருஷா வருஷம் எஃப்.சி. டிரைவருக்கு, லைசென்ஸ் புதுப்பிக்கும்போது ஒரு மெடிக்கல் சர்டிபிகேட். அது போதாது. ஓனர்களே, வண்டிக்கு எஃப்.சி. எடுக்கிற வாரமே டிரைவருக்கும் பிபி, சுகர், கண், காது பாருங்க. அரசு மருத்துவமனையில இலவசம்.

6/ டிவி சத்தத்தைக் கூட்டி வைக்கிற டிரைவர் அப்பா உங்க வீட்ல இருந்தா திட்டாதீங்க. கூட்டிட்டு வாங்க.