எரியாமல் மிஞ்சிய உயில்கள்

1922 ஜூன் 30. அயர்லாந்து உள்நாட்டுப் போரில் டப்ளினின் ஃபோர் கோர்ட்ஸ் வளாகத்திலிருந்த பொது ஆவணக் காப்பகம் வெடித்து எரிந்தது. அங்கே சேர்ந்திருந்த உயில்களில் பெரும்பகுதி சாம்பலானது.

ஆனாலும் எல்லாம் போய்விடவில்லை. 1858 முதல் மாவட்டப் பதிவகங்கள் உயில்களைப் பேரேடுகளில் படியெடுத்து வைத்திருந்தன. மூலம் தலைநகரில் எரிந்தது, படி தப்பியது. அர்மா, பெல்ஃபாஸ்ட், லண்டன்டெரி பேரேடுகளை வட அயர்லாந்துக் காப்பகம் இன்று இணையத்தில் இலவசமாகத் தருகிறது.

தேடுவோர் உயில்களின் ஆண்டு அட்டவணையிலிருந்து தொடங்க வேண்டும். பெயர், முகவரி, இறந்த நாள், சொத்து மதிப்பு ஆகியவை அதில் உண்டு. உயில் மெய்ப்பிக்கப்பட்ட ஆண்டின் கீழ்தான் பதிவு இருக்கும் என்பதால், இறப்புக்குப் பிந்தைய ஆண்டுகளையும் பார்ப்பது அவசியம். மெய்ப்பிக்கப்பட்ட தேதி கிடைத்துவிட்டால் நகல் கேட்பது எளிது.

மூலங்கள் எரிந்த அந்த இழப்புக்குப் பிறகும், 2023 டிசம்பரில் பிரிட்டன் நீதி அமைச்சகம் ஒரு யோசனையை முன்வைத்தது: உயில்களை மின்னுருவாக்கி, 25 ஆண்டுகளுக்குப் பின் மூலங்களை அழிக்கலாம், புகழ்பெற்றோரின் உயில்களை மட்டும் வைத்துக்கொள்ளலாம். வரலாற்றாசிரியர்கள் கொதித்தெழுந்தார்கள். நியாயம் அவர்கள் பக்கமே. எளிய மனிதர் பலர் தம் சொற்களை விட்டுச்சென்ற ஒரே தாள் உயில்தான். அட்டவணையை இணையத்தில் ஏற்றுங்கள். நகல் கட்டணத்தைக் குறைவாக வையுங்கள். மூலத்தையும் படியையும் வெவ்வேறு ஊர்களில் காத்து வையுங்கள்.