பிரிண்டரைத் திட்டுவதற்கு முன்னால்

வீட்டு கம்ப்யூட்டரில் இருந்து எடுக்கும் போட்டோ பிரிண்ட் சரியாக வரவில்லை என்றால் முதலில் பிரிண்டரைத் திட்டுவோம். அடுத்து மை. அதற்கும் அடுத்து, பளபளா பேப்பரை நம் தலையில் கட்டிய கடைக்காரர். நானும் இரண்டு வாரம் இந்த வரிசையில்தான் திட்டினேன். கடைசியில் பார்த்தால் குற்றவாளி அடியேன். இருபது வருஷமாக வங்கியில் அடுத்தவர் கணக்கைச் சரிபார்க்கிற ஆளுக்கு இந்தச் சின்னக் கணக்கு உறைக்க இரண்டு வாரம் ஆனது!

கதை இதுதான். லக்னோ, போபால் எல்லாம் சுற்றிவிட்டு இப்போது நாக்பூரில் குப்பை கொட்டுகிறேன். அப்பா 2023 ஜூனில் தவறிவிட்டார். சிவகாசியில் ஆப்செட் பிரஸ்ஸில் மெஷின் ஓட்டியவர். வீட்டுக்கு எந்தக் காலண்டர் வந்தாலும் சாமி யார் என்று பார்க்க மாட்டார். கண்ணுக்கு அருகில் கொண்டுபோய், "ரெஜிஸ்டர் தள்ளியிருக்கு" என்பார். நான்கு கலரும் ஒன்றன்மேல் ஒன்று சரியாக உட்காராவிட்டால் ஓரத்தில் நிழல் மாதிரி தெரியும், அதைச் சொல்கிறார். அப்படிப்பட்டவருக்குத்தான் 2024-ல் வருஷத் திதிக்குப் படம் மாட்ட வேண்டி வந்தது.

இப்போது எங்களோடு இருக்கும் அம்மா கேட்டது ஒன்றே ஒன்று. "மாமா மக கல்யாணத்துல சிரிச்சாப்ல ஒரு படம் எடுத்தாகளே, அதைப் போட்டு மாட்டுய்யா."

2019-ல் எடுத்தது. குடும்ப குரூப்பில் வந்து என் போனில் இருந்தது. வீட்டில் 2020-ல் பையனின் ஆன்லைன் வகுப்புக்காக வாங்கிய இங்க்ஜெட் பிரிண்டரும் இருந்தது. அப்புறம் என்ன, ஒரு நிமிஷ வேலை என்று உட்கார்ந்தேன்.

முதல் பிரிண்ட்டில் அப்பாவின் சட்டை முழுக்கக் கோடு கோடாக வந்தது. இது பிரிண்டர் கோளாறுதான், ஒப்புக்கொள்கிறேன். நாக்பூர் மே மாத வெயில் உங்களுக்குத் தெரியாததல்ல. மாதக்கணக்கில் தொடாமல் வைத்த இங்க்ஜெட்டில் மை ஹெட்டின் நுண்ணிய துளைகளிலேயே காய்ந்துவிடும். பிரிண்டரின் மெனுவிலேயே நாஸில் செக் என்று இருக்கும். அதை அடித்துப் பார்த்தால் எந்தக் கலரில் கோடு விட்டுப்போகிறது என்று தெரிந்துவிடும். ஹெட் கிளீனிங் இரண்டு தடவை கொடுத்து, ராத்திரி அப்படியே விட்டு, காலையில் மறுபடி பாருங்கள். கோபத்தில் பத்து தடவை அமுக்காதீர்கள். ஒவ்வொரு கிளீனிங்கும் மை குடிக்கும். (நான் எத்தனை தடவை அமுக்கினேன் என்று கேட்கப்படாது.)

அடுத்ததில் கோடு போனது, முகம் சேறு பூசின மாதிரி வந்தது. தாள் போட்டோ பேப்பர், கம்ப்யூட்டரில் செட்டிங் சாதாப் பேப்பர்! எந்தத் தாள் என்று சொல்வதை வைத்துத்தான் பிரிண்டர் மையின் அளவை முடிவு செய்கிறது. பொய் சொன்னால் அது என்ன செய்யும், பாவம். பேப்பர் வகையை மாற்றி, தரத்தை 'ஹை' என்று வைத்ததும் சேறு போய்விட்டது. பளபளப்பான பக்கத்தில்தான் அடிக்கிறீர்களா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். பின்பக்கம் அடித்தால் மை வழியும்.

அப்புறமும் திரையில் தெரிந்ததைவிட இருட்டாக இருந்தது. திரைக்குப் பின்னால் விளக்கு எரிகிறது, தாளுக்குப் பின்னால் எரிவதில்லை. மானிட்டரின் வெளிச்சத்தைப் பாதியாகக் குறைத்துவிட்டுப் படத்தைப் பார்த்தால் தாளில் எப்படி வரும் என்று ஓரளவு பிடிபடும். அப்படிக் குறைத்துவிட்டுப் படத்தைக் கொஞ்சம் வெளுக்க வைத்தேன்.

ஆக எல்லாம் சரி. ஆனால் முகம்? கண் இருக்க வேண்டிய இடத்தில் கண் மாதிரி ஏதோ ஒன்று. மீசை தீற்றி விட்டாற்போல. அம்மா தாளை வாங்கி, தள்ளி வைத்துப் பார்த்து, கிட்ட வைத்துப் பார்த்து, "அவுக மாதிரி இல்லையேய்யா" என்றார்கள். தங்கமணி ஒன்றும் சொல்லாமல் அடுக்களைக்குள் போய்விட்டார்.

சீதாபர்டியில் ஒரு ஸ்டுடியோவுக்குப் படத்தை பென் டிரைவில் எடுத்துக்கொண்டு ஓடினேன். அங்கிருந்த பையன் ஃபைலை ஒரு தடவை பார்த்துவிட்டு, "சார், ஒரிஜினல் லாயியே" என்றான்.

அப்போதுதான் கணக்கே போட்டேன். என்னிடம் இருந்த படம் 1280-க்கு 960 புள்ளி. ஏ4 தாளின் நீளம் கிட்டத்தட்ட 12 அங்குலம். நல்ல போட்டோ பிரிண்ட்டுக்கு அங்குலத்துக்கு 300 புள்ளி வேண்டும் என்பது பொதுக் கணக்கு, அதாவது 3600. சுவரில் மாட்டித் தள்ளி நின்று பார்க்க 150 இருந்தாலும் சமாளிக்கலாம். எனக்குக் கிடைத்ததோ 107. கணக்கில் 1280 ரூபாய் வைத்துக்கொண்டு 3600 ரூபாய்க்குச் செக் எழுதியிருக்கிறேன். எந்தக் கவுண்டரில் கொடுத்தால் என்ன, திரும்பத்தானே செய்யும்? அந்தக் கல்யாணத்தில் படம் எடுத்த போனில் அசல் 4000-க்கு 3000 புள்ளி. ஏ4-க்குத் தாராளம். ஒவ்வொரு கையாக மாறி வந்ததில் சுருங்கியிருக்கிறது. போன் திரைக்கு அதுவே போதும் என்பதால் ஐந்து வருஷமாக எனக்குத் தெரியவே இல்லை.

மாமா மகனுக்கு உடனே போன் போட்டேன். "அந்த போனா அத்தான்? 2021-லயே எக்ஸ்சேஞ்ச்ல கொடுத்துட்டேனே!"

என் பையன் ஒரு வழி சொன்னான். ஏஐ-யில் போட்டால் தெளிவாக்கித் தரும் என்றான். தந்தது, ஐந்தே விநாடியில். கண், மீசை எல்லாம் கத்தி மாதிரி. ஆனால் இடது புருவத்துக்கு மேலே இருந்த தழும்பைக் காணோம். இல்லாத புள்ளிகளை அது ஊகித்துத்தானே நிரப்புகிறது? யாரோ ஒரு நல்ல மனிதர் அப்பாவின் சட்டையைப் போட்டுக்கொண்டு சிரித்தார். அம்மாவிடம் காட்டவே இல்லை.

ஊரை விட்டு வந்த நம்மைப் போன்றவர்களுக்குத்தான் இதைச் சொல்கிறேன். ஊரில் இருப்பவர்களுக்கு முகங்கள் நேரிலேயே கிடைக்கின்றன. நமக்கு வருஷத்துக்கு ஒரு கல்யாணம், ஒரு திருவிழா. மற்றதெல்லாம் குரூப்பில் வந்து விழுகிற படங்கள்தான். அவற்றைச் சேமிப்பு என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். என்னைக் கேட்டால் அவை வெறும் ஜெராக்ஸ். அசல் எவர் போனிலோ இருக்கிறது, அந்த போன் அடுத்த ஆஃபரில் போய்விடும். எடுத்தவரிடம் அந்த வாரமே கேட்டு வாங்குங்கள். வாட்ஸப்பிலேயே 'டாகுமெண்ட்' என்று அனுப்பச் சொன்னால் ஃபைல் அப்படியே வரும். மெயிலிலும் அனுப்பலாம். வெட்கமாக இருந்தால், "அம்மா கேக்குறாங்க" என்று சொல்லிக்கொள்ளுங்கள்.

பிரிண்டர் விஷயத்தில் என் கட்சி இன்னும் கறார். வருஷத்துக்கு நாலு போட்டோ எடுப்பதற்காக வீட்டில் இங்க்ஜெட் வாங்கவே வாங்காதீர்கள். பிள்ளைகளின் ப்ராஜெக்டுக்கு என்றால் சரி, அதையும் வாரம் ஒரு கலர் பக்கமாவது ஓட்டுங்கள். சுவரில் மாட்டுகிற படத்துக்கு லேப் போதும். அங்கே பெரும்பாலும் ஒளி படவைத்துக் கழுவி எடுக்கிற போட்டோ பேப்பர். துளை அடைப்பு, காய்ந்த மை என்ற தலைவலியே இல்லை. நான் பாழாக்கிய மைக்கும் தாளுக்கும் லேபில் ஒரு ஆல்பமே போட்டிருக்கலாம்.

திதிக்கு என்ன செய்தேன்? ஸ்டுடியோ பையன் சொன்ன யோசனைதான். 4-க்கு 6 அளவில் போட்டால் அங்குலத்துக்கு 213 புள்ளி வருகிறது, முகம் நன்றாகவே நின்றது. சுற்றிலும் அகலமாக வெள்ளை அட்டை வைத்துப் பெரிய ஃபிரேம் போட்டுக் கொடுத்தான். அப்பா இருந்திருந்தால் அதையும் கண்ணருகே கொண்டுபோயிருப்பார்.

மாலை போட்டபோது படம் பாதி மறைந்துவிட்டது. அம்மா மாலையை விலக்கி ஃபிரேமுக்கு மேலே சுற்றிவிட்டார்கள்.

சிவகாசியில் சித்தியின் பழைய போனில் 2017 திருவிழாப் படங்கள் இருக்கின்றனவாம். அப்பா அதிலும் இருக்கிறார். "போன் உசுரா இல்லையே தம்பி" என்கிறார்கள் சித்தி. யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள், வேறு சார்ஜர் போட்டுப் பாருங்கள் என்று சொல்லியிருக்கிறேன். பொங்கலுக்கு டிக்கெட் போட்டாயிற்று.