செக் இன்ஜின் லைட் எரிஞ்சா முதல்ல பார்ட்ஸ் வாங்காதீங்க, முதல்ல டெஸ்ட் பண்ணுங்க!

வரி, எஸ்ஐபி, இன்ஷூரன்ஸ்னு பேசுற இடத்துல கார் ரிப்பேர் எதுக்குன்னு கேப்பீங்க. காரணம் இருக்கு. அமெரிக்காவில் இருக்கும் நம்ம நண்பர்கள் பலருக்கு வீட்டுக்கு அடுத்த பெரிய செலவு கார்தான். அந்தச் செலவில், தேவையே இல்லாமல் பணம் கரையும் ஒரு இடத்தைப் பத்திதான் இந்தப் பதிவு: பெட்ரோல் ஆவி கசிவு. ஸ்கேனரில் பி0455, பி0442, பி0456 என்று வரும் கோடுகள்.

முதல்ல விஷயம் என்னன்னு பார்ப்போம். டேங்க்கில் இருக்கும் பெட்ரோல் எப்பவும் ஆவியாகிக்கிட்டே இருக்கும். அது வெளியே போய் காற்றைக் கெடுக்கக் கூடாதுன்னு, கரி நிரப்பிய ஒரு பெட்டிக்குள் சேர்த்து வைக்கிறாங்க. அதுதான் கேனிஸ்டர். இன்ஜின் ஓடும்போது பர்ஜ் வால்வு திறந்து அந்த ஆவியை இன்ஜினுக்கு அனுப்பி எரிக்கும். இந்த மொத்த அமைப்புக்கும் ஈவாப் என்று பெயர். எங்காவது ஓட்டை இருக்கான்னு கார் தானே சோதிச்சுக்கும். அரை மில்லிமீட்டர் ஓட்டையைக்கூடக் கண்டுபிடிக்கும் என்றால் பார்த்துக்கோங்க. பி0455 பெரிய கசிவு, பி0442 சின்னது, பி0456 ரொம்பச் சின்னது.

இப்போ என் கருத்துக்கு வர்றேன். கோடு என்பது ஒரு புகார். தீர்ப்பு இல்லை. "எங்கேயோ கசியுது" என்றுதான் அது சொல்லுது, "இந்தப் பார்ட்டை மாத்து" என்று சொல்லலை. ஆடிட்டில் கணக்கு டேலி ஆகலைன்னா, வித்தியாசம் எங்கேன்னு தேடுவோம். தேடாமலே ஒரு என்ட்ரி போட்டு சரிக்கட்ட மாட்டோம். ஆனா கார் விஷயத்தில் நிறைய பேர் அதைத்தான் செய்றாங்க.

ஒரு உதாரணக் கணக்கு போடுவோம். தொகை ஊருக்கு ஊர், காருக்கு கார் மாறும். ஊகத்தில் மூடி மாத்த 20 டாலர், பர்ஜ் வால்வு மாத்த 150, கேனிஸ்டர் மாத்த 500. மொத்தம் 670 டாலர். அதுக்கப்புறமும் லைட் எரியலாம், ஏன்னா கசிஞ்சது ஒரு ரப்பர் ஹோஸ். இன்னொருத்தர் ஸ்மோக் டெஸ்டுக்கு 120 கொடுக்கிறார், ஹோஸ் மாத்த 40. மொத்தம் 160. மிச்சம் 510 டாலர்.

அப்போ எந்த வரிசையில் போகணும்? செலவு இல்லாததிலிருந்து ஆரம்பிங்க.

1. டேங்க் மூடி: ரப்பர் வளையத்தில் வெடிப்பு இருக்கா, வாய்ப் பகுதியில் துரு இருக்கா பாருங்க. துடைச்சு, க்ளிக் சத்தம் வரும் வரை திருகுங்க. லைட் உடனே அணையாது. கார் மறுபடி சோதிச்சுப் பார்த்து திருப்தியாக சில நாள் ஆகும். அவசரப்படாதீங்க.

2. பர்ஜ் வால்வு: பெட்ரோல் போட்ட உடனே ஸ்டார்ட் ஆக கார் மக்கர் பண்ணுதா? அப்போ முதல் சந்தேகம் இது மேலதான். இன்ஜின் ஐடிலில் ஓடும்போது வால்வின் மின் இணைப்பைக் கழற்றினால் அது மூடியே இருக்கணும். அப்பவும் கேனிஸ்டர் பக்கத்து வாயில் உறிஞ்சல் தெரிஞ்சா வால்வு போச்சுன்னு அர்த்தம்.

3. வென்ட் வால்வு: காரின் அடியில், கேனிஸ்டர் பக்கத்தில் இருக்கும். தூசி, துரு, சிலந்திக் கூடு எல்லாம் சேரும் இடம்.

4. ஸ்மோக் டெஸ்ட்: மேலே சொன்னதில் தெரியலைன்னா இதுக்குப் போங்க. மிகக் குறைந்த அழுத்தத்தில் புகையைச் செலுத்துவாங்க. புகை வெளியே வரும் இடம்தான் ஓட்டை. இதை வீட்டில் கம்ப்ரஸர் வெச்சு முயற்சி பண்ணாதீங்க. பெட்ரோல் ஆவி இருக்கும் இடம், உயிர் விஷயம்.

"சும்மா பாக்குறதுக்கு நூறு டாலரா?" என்று நம்ம ஆளுங்க கேப்பாங்க. என்கிட்டயும் அதே மாதிரிதான்: "சார், நோட்டீஸ்ல என்ன இருக்குன்னு சும்மா பார்த்து சொல்லுங்க." அந்த "சும்மா பார்க்கிறது"தான் வேலையே. சரியான காரணத்தைக் கண்டுபிடிக்கிற மெக்கானிக்குக் கொடுக்கும் பணம் வீண் செலவு இல்லை. ஊகத்தில் வாங்கிய பார்ட்ஸ்தான் வீண் செலவு.

"கார் நல்லாத்தானே ஓடுது, அப்படியே விட்டா என்ன?" இதையும் நான் ஒத்துக்க மாட்டேன். ஏற்கெனவே எரியும் லைட், நாளைக்கு வரும் பெரிய கோளாறை மறைச்சிடும். கலிபோர்னியா மாதிரி மாநிலங்களில் செக் இன்ஜின் லைட் எரிஞ்சா ஸ்மாக் சோதனையில் பெயில், ரெஜிஸ்ட்ரேஷன் புதுப்பிப்பு நிக்கும். சோதனைக்கு முந்தின நாள் கோடை அழிச்சாலும் தப்பிக்க முடியாது. காரின் சுய சோதனைகள் எல்லாம் முதலிலிருந்து ஓடி முடிக்கலைன்னு மெஷின் காட்டிக் கொடுத்துடும். பெட்ரோல் வாசனை பலமா வந்தாலோ, சொட்டினாலோ காரை எடுக்கவே எடுக்காதீங்க.

காசு கொடுக்கும் முன் வாரண்டி புத்தகத்தைத் திறந்து பாருங்க. மாசுக் கட்டுப்பாட்டுப் பாகங்களுக்கு அமெரிக்க மத்திய சட்டப்படி 2 வருஷம் அல்லது 24,000 மைல் வாரண்டி உண்டு. கலிபோர்னியாவில் 3 வருஷம் அல்லது 50,000 மைல். பட்டியலில் உள்ள விலை அதிகமான பாகங்களுக்கு அங்கே 7 வருஷம் அல்லது 70,000 மைல்.

கடைசியா ஒண்ணு, இது நம்ம ஊர்ல இருக்கிறவங்களுக்கும் சேர்த்து. நம்ம ஊர் பெட்ரோல் கார்களிலும் கேனிஸ்டர் இருக்கு. பங்க்கில் ஆட்டோ கட் ஆன பிறகு, "ரவுண்டா 2,000 ஆக்கிடுங்க அண்ணே" என்று சொல்றதை நிறுத்துங்க. மேலே போடும் பெட்ரோல் திரவமாவே கேனிஸ்டருக்குள் போய் கரியைக் கெடுக்கும். பில் 1,963 ரூபாயில் நின்னா நிக்கட்டும். ரவுண்ட் ஃபிகர் மேல ஆசைப்படாதீங்கன்னு ஒரு ஆடிட்டரே சொல்றேன்!