ரிஜெக்ட் லெட்டர் தீர்ப்பு அல்ல! எதிர்த்துக் கேளுங்கள்!

தோழர்களே,

மாதாமாதம் பிரீமியம் கட்டும்போது நீங்கள் "மதிப்பிற்குரிய வாடிக்கையாளர்". ஆபரேஷனுக்குப் பணம் கேட்கும்போது நீங்கள் "விதிவிலக்கின் கீழ் வருபவர்". இந்த நாட்டின் மெடிக்கல் இன்சூரன்ஸ் வியாபாரம் இவ்வளவுதான்.

இது வெறும் கோபத்தில் சொல்வதல்ல. ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ.யின் ஆண்டறிக்கையே சொல்கிறது. 2023–24இல் மக்கள் கேட்ட மருத்துவக் கிளெய்ம்கள் ஏறத்தாழ 1.17 இலட்சம் கோடி ரூபாய். கம்பெனிகள் கொடுத்தது 83,493 கோடி. நூறு ரூபாய் கேட்டால் எழுபத்தொரு ரூபாய்! மீதியில் கொஞ்சம் நிலுவை. மற்றது வெட்டு, மறுப்பு.

இந்த மறுப்பிலேயே மிக எளிதாக, கூச்சமே இல்லாமல் செய்யப்படும் ஒரு மறுப்பைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறோம். உடல் எடை குறைப்பு அறுவை சிகிச்சை. பேரியாட்ரிக் சர்ஜரி என்பார்கள்.

"இதெல்லாம் ஒரு அரசியலா?" என்று கேட்கலாம். அரசியல்தான். தேசியக் குடும்பநல ஆய்வு (2019–21) கணக்குப்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 40.4 சதவீதம் பேர் அதிக எடையோ உடல் பருமனோ உள்ளவர்கள். ஆண்களில் 37 சதவீதம். அதற்கு முந்தைய ஆய்வில் பெண்கள் 30.9 சதவீதமாக இருந்தார்கள். ஐந்தே வருடத்தில் இவ்வளவு உயர்வு. நம்ம வீட்டு அம்மா, அக்கா, அண்ணன் பற்றிய கணக்கு இது. இவர்களில் மிகச் சிலருக்குத்தான் ஆபரேஷன் தேவைப்படும். ஆனால் அந்தச் சிலருக்கு அது அழகு விஷயம் அல்ல. கட்டுக்கு வராத சுகர், இருதய நோய், தூக்கத்திலேயே மூச்சு நின்று நின்று வரும் நிலை. இவற்றோடு வாழ்கிறவர்கள் அவர்கள்.

அவர்களிடம் கம்பெனி என்ன சொல்கிறது? "இது அழகுக்கான சிகிச்சை, பணம் தர முடியாது."

பொய். விதியைப் பாருங்கள்.

2019 செப்டம்பர் 27 அன்று ஐ.ஆர்.டி.ஏ.ஐ. எல்லா கம்பெனிகளுக்கும் பொதுவான விதிவிலக்குப் பட்டியலை வெளியிட்டது. அதில் அழகு சிகிச்சைக்கு ஒரு எண், எட்டு. உடல் பருமனுக்குத் தனி எண், ஆறு. இரண்டும் ஒன்றல்ல என்று ஆணையமே பிரித்து வைத்திருக்கிறது. ஆறாம் எண்ணில் நான்கு நிபந்தனைகள். நான்கும் பூர்த்தியானால் அந்த விதிவிலக்கு உங்களுக்குப் பொருந்தாது:

1. டாக்டரின் ஆலோசனையின் பேரில் ஆபரேஷன் நடக்க வேண்டும்.
2. மருத்துவ நெறிமுறைகள் அதை ஆதரிக்க வேண்டும்.
3. வயது 18 நிறைந்திருக்க வேண்டும்.
4. பி.எம்.ஐ. 40 அல்லது அதற்கு மேல். இல்லையென்றால், 35 அல்லது அதற்கு மேல் இருந்து, கூடவே இந்த நான்கில் ஒன்று: பருமனால் வந்த இதயத் தசை நோய், இதய இரத்தக்குழாய் நோய், கடுமையான ஸ்லீப் ஆப்னியா, கட்டுக்குள் வராத இரண்டாம் வகை நீரிழிவு. எளிய வழிகளில் எடை குறைக்க முயன்றும் பலன் கிடைக்காமல் போயிருக்க வேண்டும்.

இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது, கவனியுங்கள். "எளிய வழிகளில் முயன்றும் பலனில்லை" என்ற சொற்கள் 35 என்ற பிரிவோடு சேர்த்துத்தான் எழுதப்பட்டிருக்கின்றன. 40க்கு மேல் உள்ளவரிடம் "டயட் இருந்த ரெக்கார்டு காட்டு, ஜிம் ரசீது காட்டு" என்று கேட்டு மறுத்தால், விதியில் எந்த வரியில் அது இருக்கிறது என்று திருப்பிக் கேளுங்கள்.

அப்பீல் எப்படி? படிப்படியாக.

முதலில், கேஷ்லெஸ் மறுப்பு வேறு, கிளெய்ம் மறுப்பு வேறு. ஆஸ்பத்திரி கவுன்டரில் "அப்ரூவல் வரல" என்று சொன்னதோடு எல்லாம் முடிந்துவிடவில்லை. செலவு செய்துவிட்டுப் பின்னால் பில் கொடுத்துக் கேட்கும் உரிமை உங்களுக்கு இருக்கிறது. இடையில் இருக்கும் டி.பி.ஏ. வெறும் தரகு அலுவலகம். இறுதியாக மறுக்க வேண்டியது இன்சூரன்ஸ் கம்பெனிதான், அதுவும் எழுத்தில்.

அந்த எழுத்தை வாங்குங்கள். 2024 மே 29 அன்று வந்த ஐ.ஆர்.டி.ஏ.ஐ. சுற்றறிக்கை இரண்டு விஷயங்களைக் கட்டாயமாக்கியிருக்கிறது. ஒன்று, கம்பெனிக்குள் இருக்கும் கிளெய்ம் மறுஆய்வுக் குழுவின் ஒப்புதல் இல்லாமல் எந்தக் கிளெய்மையும் நிராகரிக்கக் கூடாது. இரண்டு, பாலிசியின் எந்த விதிப்படி மறுக்கிறோம் என்று குறிப்பிட்டுச் சொல்ல வேண்டும். "பாலிசி விதிகளின்படி ஏற்க இயலாது" என்ற மொட்டை வரி செல்லாது.

அடுத்து, அவர்கள் சொன்ன காரணத்துக்கு மட்டும் பதில் தயார் செய்யுங்கள். கண்ணீர்க் கதை வேண்டாம், காகிதம் வேண்டும்.

"அழகு சிகிச்சை" என்றால், விதிவிலக்கு ஆறையும் எட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள். "மருத்துவத் தேவை இல்லை" என்றால், உயரம், எடை, பி.எம்.ஐ., தேதி எல்லாம் போட்டு டாக்டர் கையெழுத்திட்ட கடிதம், சுகர் ரிப்போர்ட், தூக்கப் பரிசோதனை ரிப்போர்ட், முன்பு எடுத்த சிகிச்சைகளின் சீட்டுகள். "பழைய நோயை மறைத்தீர்கள்" என்றால், பாலிசி தொடர்ந்து 60 மாதம் ஓடியிருக்கிறதா என்று பாருங்கள். ஓடியிருந்தால், நிரூபிக்கப்பட்ட மோசடி தவிர வேறு எதையும் காரணம் காட்டி மறுக்க முடியாது. "காத்திருப்புக் காலம் முடியவில்லை" என்றால், அந்தக் காலம் 36 மாதத்தைத் தாண்டக் கூடாது. வேறு கம்பெனியிலிருந்து மாறி வந்தவர்கள் பழைய பாலிசி வருடங்களையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். சில பாலிசிகளில் இந்த ஆபரேஷனுக்குத் தனி உச்சவரம்பு இருக்கும், அதையும் முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள்.

இந்தக் காகிதங்களோடு கம்பெனியின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுதுங்கள். அவருக்கு 14 நாள். பதில் சரியில்லையா? ஐ.ஆர்.டி.ஏ.ஐ.யின் "பீமா பரோசா" தளத்தில் புகார் பதியுங்கள். 155255 என்ற இலவச எண்ணிலும் பதியலாம்.

அதற்கும் மசியவில்லையா? இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேன். கட்டணம் கிடையாது. வக்கீல் தேவையில்லை. தமிழ்நாட்டுக்கும் புதுச்சேரி, காரைக்காலுக்கும் உரிய அலுவலகம் சென்னை தேனாம்பேட்டையில், அண்ணா சாலையில் இருக்கிறது. நேரில் போக முடியாதவர்கள் ஆன்லைனிலும் மனு போடலாம். கம்பெனி மறுத்த நாளிலிருந்து ஒரு வருடத்துக்குள் போக வேண்டும். கம்பெனி பதிலே தராவிட்டால், எழுதி ஒரு மாதம் கழித்துப் போகலாம். ஆம்புட்ஸ்மேன் உத்தரவு கம்பெனியைக் கட்டுப்படுத்தும். 30 நாளுக்குள் நிறைவேற்றாவிட்டால் ஒவ்வொரு நாளுக்கும் 5,000 ரூபாய் உங்களுக்குத் தர வேண்டும். ஆனால் அந்த உத்தரவு உங்களைக் கட்டுப்படுத்தாது. திருப்தி இல்லையென்றால் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். வரிசையை மட்டும் மாற்றிவிடாதீர்கள். நுகர்வோர் ஆணையத்தில் வழக்கு நிலுவையில் இருந்தால் ஆம்புட்ஸ்மேன் மனுவை எடுக்க மாட்டார். நுகர்வோர் ஆணையத்துக்குக் கெடு இரண்டு வருடம்.

பாருங்க, இத்தனை கதவு இருக்கிறது. எத்தனை பேருக்குத் தெரியும்? தெரியாது என்ற நம்பிக்கையில்தான் அந்த மொட்டை வரிக் கடிதம் அனுப்பப்படுகிறது. முதல் மறுப்பிலேயே நீங்கள் சோர்ந்துபோவீர்கள் என்பதுதான் அவர்கள் போடும் கணக்கு.

ஆனால் அப்பீல் மட்டும் போதாது. விதியே தப்பு!

விதிக்கு உள்ளே இருப்பவர் அப்பீல் செய்து ஜெயிக்கலாம். விதிக்கு வெளியே நிறுத்தப்பட்டவர் என்ன செய்வார்?

இந்த 40, 35 என்ற எண்கள் எங்கிருந்து வந்தன தெரியுமா? 1991இல் அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனங்கள் கூட்டிய கருத்தரங்கில் முடிவான எண்கள் அவை. முப்பது வருடத்துக்கு மேல் பழசு. அமெரிக்க உடம்பைப் பார்த்து எழுதியவை. தெற்காசிய மக்களுக்கு அதைவிடக் குறைந்த எடையிலேயே சுகரும் இருதய நோயும் வருகின்றன என்பது மருத்துவ உலகம் ஏற்றுக்கொண்ட உண்மை. 2009இலேயே இந்திய வல்லுநர்கள் கூடி, ஆபரேஷனுக்கான எல்லையை 37.5 என்றும், கூட நோய் இருந்தால் 32.5 என்றும் இறக்கிச் சொன்னார்கள். 2022இல் அமெரிக்க, உலகப் பேரியாட்ரிக் மருத்துவர் சங்கங்கள் இரண்டும் சேர்ந்து 1991 எண்களையே கைவிட்டன. நோய் இருந்தாலும் இல்லாவிட்டாலும் 35க்கு மேல் பரிந்துரைக்கலாம், ஆசிய மக்களுக்கு 27.5க்கு மேல் வழங்கலாம் என்றன.

மருத்துவர் சங்கங்களே தூக்கிப் போட்ட அளவுகோலை இந்திய ஒழுங்குமுறை ஆணையம் பத்திரமாக வைத்திருக்கிறது. யாருக்காக?

ஒரு கணக்கு. 165 செ.மீ. உயரமுள்ள ஒரு பெண். பி.எம்.ஐ. 35 வர அவர் 95 கிலோவுக்கு மேல் இருக்க வேண்டும். அவர் 94 கிலோ. சுகர் எந்த மருந்துக்கும் அடங்கவில்லை. டாக்டர் ஆபரேஷன் சொல்லிவிட்டார். விதிப்படி அவருக்கு ஒரு பைசா கிடையாது. அப்படியானால் அந்தப் பெண்ணிடம் சட்டம் என்ன சொல்கிறது? "இன்னும் இரண்டு கிலோ ஏத்திக்கிட்டு வா!" நோயை முற்றவிட்டு வந்தால்தான் உதவி என்று சொல்வதற்குப் பெயர் காப்பீடா?

"எல்லாருக்கும் கொடுத்தா எல்லார் பிரீமியமும் ஏறும்" என்பார்கள் கம்பெனிக்காரர்கள். சரி, கட்டுக்கு வராத சுகரால் நாளைக்குக் கிட்னி போனால், டயாலிசிஸ் செலவு யார் தலையில்? அதே பாலிசியில்தானே? "அப்போது அவர் வேறு கம்பெனியில் இருப்பார், நமக்கென்ன" என்பதுதான் சொல்லாமல் விட்ட பதில்.

ஒன்றிய அரசு என்ன செய்தது? 2017 ஜூலை முதல் 2025 செப்டம்பர் வரை, எட்டு வருடத்துக்கு மேல், மருத்துவக் காப்பீட்டுக்கு 18 சதவீதம் ஜி.எஸ்.டி. வாங்கியது. நாடு முழுக்க எதிர்ப்புக் கிளம்பிய பிறகுதான் தனிநபர் பாலிசிகளுக்கு அதை நீக்கியது. 2025 பட்ஜெட்டில் இன்சூரன்ஸ் துறையில் அந்நிய முதலீட்டு வரம்பை 74இலிருந்து 100 சதவீதமாக உயர்த்துவோம் என்று அறிவித்தது. முதலாளிக்கு நூறுக்கு நூறு. நோயாளிக்கு நூறுக்கு எழுபத்தொன்று!

நம்ம தோழர்களுக்கும் ஒரு வார்த்தை.

ஆபரேஷன் என்பது மாயமந்திரம் அல்ல. உயிராபத்து உள்ள பெரிய சிகிச்சை. பிறகு ஆயுள் முழுக்க சத்து மாத்திரை, உணவுக் கட்டுப்பாடு, பரிசோதனை உண்டு. "ஒரே மாதத்தில் ஒல்லி" என்று விளம்பரம் போடும் எந்த ஆஸ்பத்திரிக்கும் நாம் ஆள் சேர்க்கவில்லை. யாருக்கு வேண்டும், யாருக்கு வேண்டாம் என்பதை டாக்டரும் நோயாளியும் முடிவு செய்யட்டும், கம்பெனியின் இலாபக் கணக்கு முடிவு செய்யக் கூடாது என்கிறோம். அவ்வளவுதான்.

இன்னொன்று. மாற்றுக்கட்சித் தலைவரின் கொள்கையை வெளுத்து வாங்குங்கள், தடுக்க மாட்டோம். ஆனால் அவர் உடம்பை வைத்து மீம் போடாதீர்கள். "தின்னு கொழுத்தவன்" என்று நீங்கள் எழுதும் அதே வார்த்தையைத்தான் கம்பெனி நாகரிகமான ஆங்கிலத்தில் ரிஜெக்ட் லெட்டராக அடிக்கிறது. "உன் உடம்பு, உன் தப்பு" என்று சமூகம் நினைக்கும்வரை, மறுக்கப்பட்டவர் வெட்கப்பட்டு வெளியே சொல்ல மாட்டார். வெட்கப்படுபவர் அப்பீல் செய்ய மாட்டார். உருவக்கேலி கம்பெனிக்கு நாம் இலவசமாகச் செய்யும் வேலை. இந்தப் பதிவின் கீழும் அது வேண்டாம்.

நம் கோரிக்கைகள்:

✊ விதிவிலக்கு ஆறில் உள்ள 40, 35 என்ற எல்லைகளை இந்திய உடலுக்கு ஏற்ப உடனே திருத்து!

✊ மறுப்புக் கடிதம் பாலிசிதாரரின் தாய்மொழியில், விதி எண்ணோடு, அப்பீல் வழிமுறையோடு வர வேண்டும்!

✊ எந்தச் சிகிச்சைக்கு எத்தனை மறுப்பு என்று கம்பெனி வாரியாக ஆண்டுதோறும் வெளியிடு!

✊ அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் உடல் பருமனுக்கு உணவு ஆலோசனை முதல் அறுவை சிகிச்சை வரை முழுமையான பிரிவுகளை ஏற்படுத்து! இன்சூரன்ஸே இல்லாதவரும் மனிதர்தான்!

தோழர்களே, உங்கள் தெருவில், உங்கள் வாட்ஸ்அப் குழுவில் மறுப்புக் கடிதத்தை மடித்து பீரோவில் வைத்துவிட்ட ஒருவராவது இருப்பார். அவரைத் தேடிப் போங்கள். கடிதத் தேதியைப் பாருங்கள். ஒரு வருடம் தாண்டவில்லையென்றால் இன்றைக்கே உட்கார்ந்து மனு எழுதிக் கொடுங்கள். ஆங்கிலம் தெரிந்தவர் தெரியாதவருக்கு எழுதிக் கொடுப்பதும் கட்சி வேலைதான்.

பகிருங்கள். கேளுங்கள். விடாதீர்கள்.

#மறுப்பை_மறுப்போம்
#காப்பீடு_சலுகை_அல்ல_உரிமை